மேட் பஸ்பிக்கு இரண்டு முறை, எங்கள் மேனேஜருக்கு ஒரு முறை

1958 ஜனவரியில் ஒரு நாள், மான்செஸ்டர் யுனைட்டட் கால்பந்து அணியின் மேனேஜர் மேட் பஸ்பியின் முன்னால் தொகுப்பாளர் ஈமன் ஆண்ட்ரூஸ் கையில் ஒரு தடித்த புத்தகத்தோடு வந்து நின்றார். பி.பி.சி.யின் 'திஸ் இஸ் யுவர் லைஃப்' நிகழ்ச்சி. யாருடைய வாழ்க்கையைச் சொல்லப் போகிறார்களோ அவருக்குக் கடைசி வரை ஒன்றும் தெரியாது. புத்தகத்தோடு ஆள் வந்து நின்ற பிறகுதான் விஷயமே புரியும். அப்புறம் அம்மா, பழைய நண்பர், பள்ளிக்கூட வாத்தியார், கூட ஆடியவர் என்று ஒவ்வொருவராக வருவார்கள். பஸ்பிக்கு அப்போது வயது 48. 1956, 1957 இரண்டு ஆண்டும் லீக் பட்டம் அவர் அணிக்குத்தான். அடுத்த மாதம் 6ஆம் தேதி, மியூனிக்கில் பனியும் சேறுமாகக் கிடந்த ஓடுபாதையில் மூன்றாவது முறையாகக் கிளம்பப் பார்த்த அவர்களுடைய விமானம் மேலே ஏறாமல் போய் மோதியது. 23 பேர் இறந்தார்கள். அதில் எட்டுப் பேர் அவருடைய ஆட்டக்காரர்கள், பெரும்பாலோர் அவர் பையன்களாகப் பார்த்து வளர்த்தவர்கள்.

நாங்கள் ஸ்ட்ரெட்ஃபோர்டுக்குக் குடிவந்த புதிதில் எனக்குக் கால்பந்து அவ்வளவாகத் தெரியாது. ஆனால் யுனைட்டடின் ஓல்ட் டிராஃபோர்டு மைதானம் நடந்து போகிற தூரம். அதன் முன்னால் போகிற தெருவுக்குப் பெயரே சர் மேட் பஸ்பி வே. மைதானச் சுவரில் மியூனிக் கடிகாரம். ஒவ்வொரு பிப்ரவரி 6ஆம் தேதியும், விபத்து நடந்த நேரமான மதியம் 3.04 மணிக்கு ஜனங்கள் அங்கே வந்து நிற்பார்கள். அந்தக் கால ஆட்டத்தை நேரில் பார்த்தவர்கள் ஒன்றிரண்டு பேர் இன்னும் வருகிறார்கள். அவர்களோடு பேசினால் விபத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டார்கள். அதற்கு ஐந்து நாள் முன்னால் லண்டனில் ஆர்செனலை 5-4 என்று ஜெயித்த ஆட்டத்தைத்தான் சொல்வார்கள். டங்கன் எட்வர்ட்ஸ் அடித்த கோல், டாமி டெய்லர் அடித்த கோல், யார் எங்கே நின்றார்கள், எல்லாம்.

எங்கள் பையன் ஆடுகிற ஞாயிற்றுக்கிழமை டீமின் மேனேஜர் இந்த சீசனோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று சொன்னார். மைதானத்து ஓரத்தில் நின்றிருந்த ஒரு பாட்டி, "இவருக்கு நாமே ஒரு திஸ் இஸ் யுவர் லைஃப் செய்தால் என்ன?" என்று கேட்டார். இங்கே ஒரு குறிப்பிட்ட வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த நிகழ்ச்சி என்றால் விளக்கமே வேண்டாம். தொகுப்பாளர் கையில் இருக்கும் அந்தச் சிவப்புப் புத்தகம் என்றால் போதும்.

இங்கிலாந்தில் சிறுவர் டீமுக்கும் மேனேஜர் உண்டு. சம்பளம் கிடையாது. எங்களவர் வாரநாளில் பிளம்பர். ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து கோல் வலை கட்டுவார், கோடு போடுவார், கூம்புகளை வைப்பார், மழையில் நின்று கத்துவார், கடைசி பையனை யாராவது வந்து கூட்டிப்போகும் வரை காரில் உட்கார்ந்திருப்பார். நாங்கள் இந்த நாட்டுக்கு வருவதற்கு வெகுநாள் முன்பிருந்தே இதைச் செய்கிறார். அவரிடம் ஆடிய பையன்கள் இன்று தங்கள் பையன்களைக் கொண்டுவந்து விடுகிறார்கள். தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவுக்கு வீடியோ எடுத்துத் தொகுக்கிறவன் நான் என்பதால், ஆட்களைத் தேடிப் பேச வைத்துப் பதிவு செய்கிற வேலை என்னிடம் வந்தது. எங்கள் கோச்சுக்கும் இப்படி ஒன்று செய்யலாமே, வாத்தியாருக்குச் செய்யலாமே என்று நினைக்கிறவர்களுக்குப் பயன்படும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் பேச்சே எப்போது செய்வது என்பதில்தான் வந்தது. அடுத்த வருடம் கிளப்புக்கு ஒரு முக்கியமான ஆண்டு வருகிறது, அதோடு சேர்த்துப் பெரிதாகச் செய்யலாம் என்று சிலர் சொன்னார்கள். நான் 1958 ஜனவரியைச் சொன்னேன். 48 வயதில் ஒரு மனிதனுக்கு வாழ்க்கைக் கதையா என்று அன்றைக்கு யாராவது நினைத்திருக்கலாம். ஆனால் மியூனிக்கில் போன ரோஜர் பைர்ன், எடி கோல்மன், டேவிட் பெக், மார்க் ஜோன்ஸ், பில்லி வீலன், ஜெஃப் பென்ட் எல்லோரும் உயிரோடு இருந்த நாட்களில், பஸ்பியிடம் 'நீங்கள் செய்தது இது' என்று நாட்டின் முன்னால் சொல்ல முடிந்தது அந்த ஒரு மாதத்தில்தான். பின்னால் அதே நிகழ்ச்சி 1971-ல் அவரை இரண்டாம் முறை பிடித்தது. அப்படி இரண்டு முறை வந்த முதல் ஆள் அவர்தான். அதற்குள் ஐரோப்பியக் கோப்பை வந்துவிட்டது, சர் பட்டம் வந்துவிட்டது, ஓய்வு பெற்று மறுபடி அழைக்கப்பட்டு மறுபடி விடைபெறுகிற நேரம். கோப்பைகள் கூடியிருந்தன, முதல் முறை இருந்த ஆட்கள்தான் இல்லை. எங்கள் மேனேஜரின் அண்ணனுக்கு உடம்பு சரியில்லை என்பதும் எங்களுக்குத் தெரிந்தது. மே மாதம் வழக்கமாக நடக்கும் பரிசளிப்பு மாலையிலேயே செய்துவிடுவது என்று முடிவாயிற்று.

அடுத்தது, அவருக்கு இது பிடிக்குமா? இதைக் கேட்காமல் இறங்கவே கூடாது. டேனி பிளாஞ்ச்ஃபிளவர் கதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. லண்டன் டாட்டன்ஹாம் அணியின் கேப்டன். லீக், எஃப்.ஏ. கோப்பை இரண்டையும் ஒரே சீசனில் தூக்கிய அணிக்குத் தலைவர். 1961 பிப்ரவரியில் ஆண்ட்ரூஸ் புத்தகத்தோடு போய் நின்றதும், மாட்டேன் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். அந்த நிகழ்ச்சியை மறுத்த முதல் ஆள். பிற்பாடு வட அயர்லாந்துக்கும் செல்சிக்கும் மேனேஜராகவும் இருந்தார். திமிர் பிடித்தவர் என்று அப்போது பலர் பேசினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் வாழ்க்கையை எங்கே, யார் முன்னால் விரிப்பது என்று முடிவு செய்கிற உரிமை அவருடையது. அவருடைய தம்பி ஜாக்கி, பஸ்பியின் அணியில் ஆடியவர். மியூனிக்கில் உயிர் பிழைத்தார், ஆனால் அதன் பிறகு ஆடவே முடியவில்லை. அப்படிப்பட்ட குடும்பத்தில் ஒருவர் கேமரா முன்னால் உட்கார விரும்பாததில் என்ன ஆச்சரியம் இருக்கிறது?

ஆக, மேனேஜரின் மனைவியிடம் போனோம். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கூட்டத்துக்குப் பயப்பட மாட்டார். ஆனால் மைக்கைக் கையில் கொடுத்துப் பேசச் சொன்னீர்கள் என்றால் பின்பக்கக் கதவு வழியாகப் போய்விடுவார்" என்றார். அந்த ஒரு பதிலில் நிகழ்ச்சியின் அமைப்பே தீர்மானமாகிவிட்டது. அவர் பேச வேண்டியதில்லை. ஏற்புரை கிடையாது. உட்கார்ந்து பார்த்தால் போதும்.

ரகசியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பி.பி.சி. 1955-ல் இந்த நிகழ்ச்சியைத் தொடங்கியபோது முதலில் வர வேண்டியவர் கால்பந்து ஆட்டக்காரர் ஸ்டான்லி மேத்யூஸ். விஷயம் பத்திரிகையில் கசிந்துவிட்டது. கடைசியில் அன்றைக்கு மாட்டியது ஈமன் ஆண்ட்ரூஸ்தான். அத்தனை பெரிய நிறுவனத்துக்கே அந்தக் கதி. நாங்கள் செய்தது இரண்டே காரியம். பிள்ளைகளிடம் கடைசி நாள் வரை மூச்சு விடவில்லை. அப்புறம், புதிதாக எந்தப் பொய்யும் சொல்லவில்லை. பரிசளிப்பு மாலைக்கு அவர் எப்படியும் வருவார், முன்வரிசையில் எப்படியும் உட்காருவார். உண்மையான ஒரு நிகழ்ச்சிக்குள் இதை வைத்துவிட்டால் யாரும் நடிக்க வேண்டியதில்லை.

மனைவியிடம் கேட்க வேண்டியது இன்னொன்றும் உண்டு, அது இதைவிட முக்கியம். எதைக் காட்டக் கூடாது என்பது. மியூனிக் ஆஸ்பத்திரியில் பஸ்பி பிழைப்பாரா என்றே தெரியாமல் கிடந்தார். யார் யார் போனார்கள் என்று அவரிடம் முதலில் சொல்லவில்லை. பிறகு அவர் ஒவ்வொரு பெயராகக் கேட்க, மனைவி ஜீன் வாய் திறக்காமல் தலையை மட்டும் அசைத்துப் பதில் சொன்னார் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அந்தத் தம்பதி அதற்கு முன்னாலேயே நான்கு ஆண் குழந்தைகளைச் சிசுவாக இழந்தவர்கள். ஒரு மனிதனின் வாழ்க்கையைத் திரையில் ஓட்டப் போகிறோம் என்றால் இப்படியான இடங்கள் அதில் இருக்கும். வெளியாட்களுக்கு அது தெரியாது, கூட இருந்தவருக்குத்தான் தெரியும்.

எங்கள் மேனேஜரின் வாழ்க்கையிலும் அப்படி ஓர் இடம் இருந்தது. அவரிடம் ஆடிய ஒரு பையன், பள்ளி முடித்த கொஞ்ச காலத்தில் சாலை விபத்தில் போய்விட்டான். பழைய ஆல்பத்தைப் புரட்டும்போது மேனேஜரின் மனைவி அந்தப் பக்கத்தில் கையை வைத்து நிறுத்தினார். விட்டுவிடலாமா, சேர்க்கலாமா என்று எங்களால் சொல்ல முடியவில்லை. "அவன் அம்மாவிடம் நானே கேட்கிறேன்" என்றார். அந்த அம்மா சொன்ன பதில், "டீம் போட்டோவில் என் பையன் எங்கே நிற்கிறானோ அங்கேயே இருக்கட்டும். தனியாக எடுத்துக் காட்டாதீர்கள்." அப்படியே செய்தோம். போட்டோ வரும், வரிசையாகப் பெயர்களைச் சொல்வோம், அதில் அவன் பெயரும் அவன் இடத்தில் வரும். சோக இசை இல்லை, கறுப்பு வெள்ளையாக மாற்றவில்லை. பெயரைச் சொல்லாமல் விட்டிருந்தால் மேனேஜர் அதைத்தான் கவனித்திருப்பார்.

இனி யாரை அழைப்பது. இதில்தான் நிறையப் பேர் சறுக்குவார்கள் என்று நினைக்கிறேன். நன்றாக ஆடியவன், கோப்பை தூக்கியவன், பெரிய கிளப்புக்குப் போனவன் பெயர்தான் முதலில் நினைவுக்கு வரும். அவர்கள் வரட்டும். ஆனால் ஒரு மேனேஜரின் வாழ்க்கையில் அவர்கள் ஒரு சிறு பகுதி.

முதலில் அவருடைய ஜிம்மி மர்ஃபியைத் தேடுங்கள். மர்ஃபி பஸ்பியின் துணை. போர்க்காலத்தில் இத்தாலியில் மர்ஃபி படைவீரர்களிடம் பேசுவதைக் கேட்டுவிட்டு, பஸ்பி தன்னோடு அழைத்துக்கொண்ட ஆள். குண்டு விழுந்து மைதானமே இடிந்து கிடந்த கிளப்பில் 1945-ல் பஸ்பி சேர்ந்தார். மூன்று வருட ஒப்பந்தம் தருகிறோம் என்றதற்கு, அது போதாது, ஐந்து வேண்டும் என்று கேட்டு வாங்கினார். இளம் பையன்களைப் பிடித்து வளர்க்க அந்தக் காலம் தேவை. வளர்த்ததில் பெரும்பாதி மர்ஃபியின் வேலை. 1956-ல் பட்டம் வென்ற அணிக்குச் சராசரி வயது 22தான். மியூனிக் நாளில் மர்ஃபி விமானத்தில் இல்லை. வேல்ஸ் அணியையும் அவர் பார்த்துக்கொண்டிருந்ததால் கார்டிஃபில் இருந்தார். பஸ்பியின் பக்கத்தில் அவர் வழக்கமாக உட்காரும் இடத்தில் பெர்ட் வாலி என்ற பயிற்சியாளர் உட்கார்ந்திருந்தார், இறந்தும் போனார். பஸ்பி ஆஸ்பத்திரியில் கிடக்க, மிச்சமிருந்தவர்களையும் ரிசர்வ் பையன்களையும் வைத்து மர்ஃபி பதின்மூன்றே நாளில் ஒரு அணியைக் களத்தில் இறக்கினார். அன்றைய ஆட்டத்தின் கையேட்டில் யுனைட்டட் ஆட்டக்காரர்கள் பெயர் வர வேண்டிய பதினொரு இடமும் வெற்றாக அச்சாகியிருந்தது. யார் ஆடுவார்கள் என்று அச்சடிக்கும்போது யாருக்கும் தெரியாது. ஷெஃபீல்ட் வென்ஸ்டேயை 3-0 என்று ஜெயித்தார்கள். அந்த அணி மே மாதம் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம் வரை போனது. பஸ்பி கைத்தடியோடு வந்து உட்கார்ந்திருந்தார். போல்டனிடம் 2-0 என்று தோற்றார்கள், அதனால் என்ன. அந்த மர்ஃபிக்கு ஓல்ட் டிராஃபோர்டில் சிலை வைத்தது 2023-ல்தான். துணை நின்றவர்களை உலகம் எவ்வளவு தாமதமாக நினைக்கிறது பாருங்கள்.

எங்கள் டீமுக்கும் ஒரு மர்ஃபி உண்டு. பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற அம்மா ஒருவர். யார் பணம் கட்டவில்லை, யாருக்குப் பூட்ஸ் சின்னதாகிவிட்டது, எந்த வீட்டில் அப்பா வேலையை இழந்தார் என்று அவருக்குத்தான் தெரியும். பூட்ஸ் வாங்க முடியாத பையனுக்குப் பழைய ஜோடி ஒன்றைச் சுத்தம் செய்து, 'வேறொருத்தனுக்குச் சேரவில்லை' என்று சொல்லிக் கொடுத்துவிடுவார். அவரை வீடியோவில் பேச வைத்த மாதிரி கஷ்டம் வேறெதுவும் இல்லை. "நான் என்ன செய்தேன், துணி துவைத்தேன்" என்பார். கேமராவை மேஜையில் வைத்துவிட்டு, துவைத்த ஜெர்சிகளை எண் வாரியாக மடித்துக்கொண்டே பேசச் சொன்னேன். கைக்கு வேலை கிடைத்ததும் பேச்சு தானாக வந்தது. 7ஆம் எண் எப்போதும் முழங்கையில் கிழிந்திருக்கும், 4ஆம் எண்ணில் சேறு போகவே போகாது என்று சொல்லிக்கொண்டே போனார்.

அப்புறம், அணியில் இடம் கிடைக்காதவர்கள். மேனேஜர் வேலை என்பதே பாதி அதுதானே, பதினொரு பேரைத் தேர்ந்தெடுத்து மற்றவனிடம் இல்லை என்று சொல்வது. பஸ்பியும் நல்லவர்களை அனுப்பியிருக்கிறார். 1948-ல் கோப்பை வென்ற அணியின் ஜானி மாரிஸை மறு வருடமே டெர்பிக்கு விற்றார். ஜானி ஜைல்ஸை 1963-ல் லீட்ஸுக்கு விட்டுவிட, ஜைல்ஸ் அங்கே போய் பல வருடம் யுனைட்டடுக்குத் தலைவலியாக இருந்தார். ஒரு மேனேஜரை முழுதாகத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் அவர் வேண்டாம் என்று சொன்னவர்களிடமும் கேட்க வேண்டும். அவர்கள் வர மறுக்கலாம். அதையும் மதிக்க வேண்டும்.

பழைய ஆட்டப் பட்டியல்களில் மாற்று ஆட்டக்காரர் வரிசையில் மட்டும் அடிக்கடி வந்த ஒரு பெயரைப் பார்த்து, அவரைத் தேடிப் பிடித்தோம். இப்போது பஸ் ஓட்டுகிறார். முதலில் நான் எல்லோரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டேன். "அவர் எப்படிப்பட்டவர்?" என்று கேட்கவே கூடாது. கேட்டால் 'தங்கமான மனுஷன்' என்றுதான் பதில் வரும், அதற்கு அப்புறம் ஒன்றும் வராது. "அவரோடு நீங்கள் இருந்த ஒரு நாளைச் சொல்லுங்கள்" என்று கேட்க வேண்டும். எங்கே நின்றீர்கள், மழையா வெயிலா, அவர் கையில் என்ன இருந்தது என்று தூண்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

அவர் சொன்னது இது. கவுண்டி கோப்பை இறுதி ஆட்டத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக் கதவைத் தட்டி மேனேஜர் வந்தாராம். வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறார், கையில் கருப்பு மசி. அம்மா டீ போட்டார். சமையலறை மேஜையில் உட்கார்ந்து, "ஞாயிற்றுக்கிழமை நீ ஆடவில்லை. போனில் சொல்லக் கூடாது என்று வந்தேன்" என்றாராம். காரணத்தையும் சொன்னார். பந்து வந்தால் இவர் ஒரே பக்கமாகத்தான் திரும்புவார், எதிரணிக்காரன் அதைக் கண்டுபிடித்துவிட்டான். பிறகு, அந்த வாரம் மட்டுமில்லை, கோடை முழுக்க எப்படி இடது பக்கம் திரும்பிப் பழகுவது என்று மேஜையில் சர்க்கரை டப்பாவையும் உப்பு டப்பாவையும் வைத்துக் காட்டினார். "எனக்கு அழுகை வந்தது. ஆனால் என் வீட்டுக்கு வந்து, என் அம்மா முன்னால், என்னை ஒரு பெரிய மனுஷனாக நினைத்துச் சொன்ன முதல் ஆள் அவர்" என்றார்.

இதற்கு விளக்கம் வேறொரு பதிவில் கிடைத்தது, அதுவும் தற்செயலாக. மேனேஜரின் அண்ணனிடம் சின்ன வயசுக் கதையைக் கேட்டபோது, தம்பி பதினாறு வயதில் ஒரு தொழில்முறை கிளப்பில் பயிற்சியில் இருந்ததையும், வேண்டாம் என்று அனுப்பிவிட்டதையும் சொன்னார். அந்தச் செய்தி தபாலில் வந்ததாம். இரண்டு வரி. காரணம் இல்லை. யாரும் கூப்பிட்டுப் பேசவில்லை. தம்பி அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனவன் இரண்டு நாள் சாப்பிடக் கீழே வரவில்லை என்றார் அண்ணன். இரண்டு பதிவையும் தொகுக்க ஒன்றாகப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது, அந்த வெள்ளிக்கிழமை அவர் ஏன் கதவைத் தட்டினார் என்று. அண்ணனுக்குப் பஸ் ஓட்டுநரைத் தெரியாது. பஸ் ஓட்டுநருக்குக் கடிதத்தைத் தெரியாது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தேன். நடுவில் ஒரு வார்த்தை விளக்கம் சேர்க்கவில்லை.

அதனால்தான் சின்ன வயசிலிருந்து ஆரம்பியுங்கள் என்கிறேன். பஸ்பியை எடுத்துக்கொண்டாலும் அதுதான். ஸ்காட்லாந்தில் ஆர்பிஸ்டன் என்ற சுரங்கக் கிராமம். அப்பா 1917-ல் போரில் சுட்டுக் கொல்லப்பட்டார். பையன் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கினான். அம்மா அமெரிக்காவுக்குக் குடிபோக ஏற்பாடு செய்துகொண்டிருந்த நேரத்தில், 1928-ல், மான்செஸ்டர் சிட்டியிலிருந்து வாரம் 5 பவுண்டு சம்பளத்துக்கு அழைப்பு வந்தது. வந்த பிறகும் முன்வரிசை ஆட்டக்காரராக அவர் சோபிக்கவில்லை. இடம் மாற்றிப் பின்னால் ஆட விட்ட பிறகுதான் தேறினார், 1934-ல் கோப்பையும் வென்றார். ஒருத்தன் ஒரு இடத்தில் சரிப்படவில்லை என்றால் இன்னொரு இடத்தில் வைத்துப் பார்க்கலாம், அவசரப்பட்டு வேண்டாம் என்று ஒதுக்கிவிடக் கூடாது என்பது அவருக்குப் புத்தகத்தில் படித்து வந்திருக்காது. சமகால மேனேஜர்கள் அலுவலகத்தில் கோட் சூட்டோடு உட்கார்ந்திருந்தபோது, பயிற்சி உடையைப் போட்டுக்கொண்டு பையன்களோடு மைதானத்தில் ஓடிய மனிதர் அவர். கோப்பைப் பட்டியலில் இதெல்லாம் தெரியாது.

இனி தொழில்நுட்பம், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தொலைக்காட்சி நிகழ்ச்சி அரை மணி நேரம்தான். நாங்களும் அதற்குமேல் போகவில்லை. சின்னப் பிள்ளைகள் இருக்கிற அரங்கில் அதற்குமேல் தாங்காது. ஒவ்வொருவருக்கும் இரண்டு நிமிடம். போனைப் படுக்கை வாட்டமாகப் பிடியுங்கள், ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழட்டும். படம் கொஞ்சம் மோசமாக இருந்தாலும் பார்ப்பார்கள், குரல் தெளிவில்லை என்றால் ஒருவரும் கேட்க மாட்டார்கள். எனவே சட்டையில் மாட்டும் சின்ன மைக் ஒன்று கட்டாயம். டிவி, வயிறு கலக்கும் விஷயம். கிளப்பில் இருக்கும் டிவியில் முந்தின நாளே அதே லேப்டாப், அதே கேபிள், அதே ஃபைலை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். கோப்பு பென்டிரைவ் ஒன்றிலும் தனியாக இருக்கட்டும்.

குரல் வித்தையை மட்டும் விட்டுவிடாதீர்கள். திஸ் இஸ் யுவர் லைஃபில் விருந்தினர் திரைக்குப் பின்னால் நின்று முதலில் பேசுவார், குரலைக் கேட்டு அடையாளம் காண வேண்டும், அப்புறம்தான் ஆள் வெளியே வருவார். பழகிய குரலுக்கு என்ன சக்தி என்று அன்றைக்குப் பார்த்தேன். அண்ணன் வேறு ஊரில், உடம்பு முடியாமல் இருப்பவர். வீடியோவில் அவர் பேசி முடித்ததும் திரை இருண்டது. பக்கத்து அறையிலிருந்து அதே குரல், தம்பியின் சின்ன வயசுப் பட்டப் பெயரைச் சொல்லி, "எழுந்து நில்லுடா, சேறு அப்பிய பூட்ஸோடு சோஃபாவில் உட்காராதே" என்றது. மேனேஜர் எழுந்துவிட்டார். அத்தனை பேரையும் தாண்டி நேராக அந்தக் கதவுக்குப் போனார், அண்ணன் வெளியே வருவதற்கு முன்னாலேயே.

புத்தகம் பற்றி. நிகழ்ச்சியில் ஆண்ட்ரூஸ் கையில் இருந்தது அன்றைய உரை. அந்த மாலைப் படங்களோடு நினைவுப் புத்தகம் பிறகுதான் கைக்குப் போகும். நாங்களும் அன்றைக்கு வெறும் சிவப்பு அட்டைக்குள் எங்கள் வரிசைத் தாள்களை வைத்துக்கொண்டு நடத்தினோம். இரண்டு வாரம் கழித்து, பிள்ளைகள் எழுதியது, பழைய ஆட்டப் பட்டியல்கள், அந்த மாலையின் படங்கள் எல்லாம் ஒட்டிக் கொடுத்தோம். முன்னாலேயே அச்சடித்துவிட வேண்டும் என்று பதறாதீர்கள்.

கடைசியாக ஒன்று. வெட்டித் தொகுத்த அரை மணி நேரத்தைக் கொடுத்ததோடு வேலை முடிந்துவிடாது. வெட்டாத முழுப் பதிவுகளையும், யார் பேசியது, எந்தத் தேதி என்று ஃபைல் பெயரிலேயே எழுதி, குடும்பத்திடம் கொடுங்கள். மேனேஜர் முதலில் கேட்டது அதைத்தான். அண்ணன் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசியிருந்தார். அதில் அப்பா பற்றி, பழைய வீட்டைப் பற்றித் தம்பிக்கே தெரியாத சங்கதிகள் இருந்தன. பிள்ளைகள் வருகிற பகுதிகளுக்குப் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கினோம். அப்படியும் எதையும் இணையத்தில் ஏற்றவில்லை. பஸ் ஓட்டுநர் சொன்னதும், அந்த அம்மா தன் பையனின் இடத்தைப் பற்றிச் சொன்னதும் அந்த அறையில் இருந்தவர்களுக்காகச் சொன்னவை. இங்கேயும் அவர்கள் கேட்டு, சரி என்று சொன்ன அளவுக்குத்தான் எழுதியிருக்கிறேன்.